அப்டேட்டுக்குப் பிறகு புக்மார்க் முழுக்கக் காணல்ல: 13 வருசச் சேகரிப்பு, யாராவது வழி சொல்லுங்க

களுதாவளை_மாஸ்டர் | சனி, இரவு 8.12

எல்லாருக்கும் வணக்கம். நான் இஞ்ச வாசிச்சிட்டுப் போற ஆள், எழுதுறது குறைவு. இண்டைக்குக் கை நடுங்க எழுதுறன்.

பயர்பொக்ஸ் பிரவுசர், வின்டோஸ் 10, மேசைக் கொம்பியூட்டர். பின்னேரம் ஒரு தளத்துக்குள்ள போனா, உங்கட பிரவுசர் பழசு, புதுசு போடுங்க எண்டு வந்திச்சி. சரி எண்டு போட்டன். திறந்து பார்த்தா, குடிபுகாத வீடு மாதிரி வெறுமை. நல்வரவு எண்டு ஒரு பக்கம் மட்டும். மேல பட்டியில ஒண்டுமில்ல, சேமிச்சி வெச்ச பாஸ்வேர்டும் இல்ல, முந்திப் பார்த்த பக்கங்களும் இல்ல.

உ/த (உயர்தர) புவியியல் படிப்பிச்சி இப்ப ஓய்வு. 2012 கடைசியில இருந்து சேர்த்த புக்மார்க், அதாவது தள இணைப்புகள், 1800க்குக் கிட்ட வரும். வினாத்தாள், வரைபடம், அயனமண்டலச் சூறாவளி, பிறகு எனக்கெண்டு தனிப் போல்டர்கள்: படுவான்கரை, கூத்து, கண்ணகி சடங்கு. பெஞ்சாதிட சமையல் போல்டரும் அதுக்குள்ளதான். அவவுக்கு இன்னும் சொல்லல்ல.

பக்கத்துக் கடைத் தம்பி "போர்மட் அடிச்சா சரிவரும் சேர்" எண்டு சொல்றார். நாளைக்குக் கொண்டு போகவா?

ஒலுவில்_பொடியன் | 8.19

சேர், கொண்டு போகாதீங்க. கொண்டு போகாதீங்க. கொண்டு போகாதீங்க.

(மெஸ்ல சாப்பாடு முடியப் போகுது. வந்து எழுதுறன்.)

மண்முனை_77 | 8.26

போனது போனதுதான் மாஸ்டர். மனசை ஆத்திக்கோங்க. இப்ப யாரு புக்மார்க் வெச்சிரிக்கிறது? தேடினா வருது. 1800 இணைப்பில கடைசியா எத்தனையைத் திறந்தீங்க, உண்மையச் சொல்லுங்க?

வாவிக்கரை (நெறியாளர்) | 8.44

மண்முனை, எரியிற வீட்டுக்கு முன்னால நிண்டு "இந்த வீடு உனக்கு எதுக்கு" எண்டு கேக்காதீங்க. அந்த விவாதத்தைப் பிறகு வெச்சிக்கொள்ளுவம்.

மாஸ்டர், உங்கட பதிவில ஒரு நல்ல செய்தி இரிக்கி, நீங்க அதைக் கெட்ட செய்தியா எழுதியிரிக்கிறீங்க. பாஸ்வேர்டும் போயிட்டு எண்டு சொன்னீங்கல்ல, அதுதான்.

புக்மார்க் காணல்ல எண்டு இஞ்ச வாறவங்க மூண்டு சாதி. பட்டி மட்டும் மறைஞ்சவங்க. அவங்களுக்கு ஒண்டுமே நடக்கல்ல. புக்மார்க்கும் பார்த்த வரலாறும் மட்டும் போய், பாஸ்வேர்டும் நீட்சிகளும் (பிரவுசரோட சேர்த்துப் போடுற சின்ன மென்பொருள்கள்) அப்படியே இரிக்கிறவங்க; அவங்கட ஒரு பைல் பழுதாகியிரிக்கி. மூண்டாவது நீங்க: எல்லாமே ஒரே நேரத்தில போயிட்டு. ஒரே நேரத்தில எல்லாம் அழியிறது அருமை. பிரவுசர் வேற அறையைத் திறந்து வெச்சிட்டு நிக்கிது, உங்கட அறை பூட்டினபடி அங்கயேதான் கிடக்கு. அந்த அறைக்குப் பேர் புரோபைல்.

ஆனா இப்ப ஒண்டும் தொடாதீங்க. ரீசெட் வேணாம், ரிப்ரெஷ் வேணாம், அழிச்சித் திரும்பப் போடவும் வேணாம்.

அக்கரைப்பற்று_அக்கா | 8.58

இடையில பூந்ததுக்கு மன்னிச்சிக்கோங்க. எனக்கும் போன கிழமை குரோம்ல பட்டியே காணாமப் போய் ஒரு நாள் முழுக்க அழுதன். மறுகா தம்பி வந்து கன்ட்ரோல், ஷிப்ட், பி மூண்டையும் சேர்த்து அமத்தினான். வந்திட்டு. நான் முதலாம் சாதி.

காத்தான்குடி_கீபோட் | 9.20

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் கடையில இதே வேலைதான் பாக்கிறன். மாஸ்டர், ரெண்டு கேள்வி.

1. புதுசு போடுங்க எண்டு வந்த பெட்டியிலேயே அமத்தி இறக்கினீங்களா, இல்லாட்டி நீங்களாப் போய் எடுத்தீங்களா? அந்தப் பெட்டியில இரிக்கிற பட்டனை அமத்தி வைரஸ் ஏத்தின கணினி மாசத்துக்கு ஒண்டாவது என்ட மேசைக்கு வருது.
2. இன்ஸ்டோல் பண்ணக்குள்ள வெறுமனே நெக்ஸ்ட், நெக்ஸ்ட் அடிச்சீங்களா, இல்ல ஏதாவது மாத்தினீங்களா?

களுதாவளை_மாஸ்டர் | 9.37

தம்பி, 1: பயர்பொக்ஸ் செய்யிற மொசில்லாட தளத்துக்கு நானே போய் எடுத்தன். அந்த அளவுக்கு மகன் பழக்கி வெச்சிரிக்கிறான்.

2: சி றைவ் நிரம்பிச் சிவப்பாக் கிடந்திச்சி. அதால கஸ்டம் எண்டதைத் தெரிவு செஞ்சி டி றைவ்ல ஒரு போல்டர் திறந்து அதுக்குள்ள போட்டன். இது பிழையா?

காத்தான்குடி_கீபோட் | 9.41

பிழையில்ல மாஸ்டர். ஆனா கள்ளன் பிடிபட்டுட்டான் 😀

நீங்க செஞ்சது அப்டேட் இல்ல. ரெண்டாவது பயர்பொக்ஸ் ஒண்டு போட்டிரிக்கிறீங்க. பழசு சி-யில அப்படியே இரிக்கி, புதுசு டி-யில இரிக்கி. மேசையில இரிந்த ஐகன் இப்ப புதுசைத்தான் திறக்கிது.

2019 மே மாசம் வந்த 67ஆம் பதிப்பில இருந்து, பயர்பொக்ஸ் எந்தப் போல்டர்ல போட்டிரிக்கோ அதுக்கெண்டு தனிப் புரோபைல் எடுக்கும். ஒரே கணினியில ரெண்டு பதிப்பு வெச்சிரிக்கிற ஆக்கள் ஒண்டுக்கொண்டு குழப்பாம இரிக்கோணும் எண்டுதான் அப்படிச் செஞ்சாங்க. நல்ல நோக்கம். ஆனா டி-யில போட்ட ஒவ்வொரு மாஸ்டருக்கும் இதயம் ஒருக்கா நிண்டு போகுது.

ஒலுவில்_பொடியன் | 9.55

வந்துட்டன். (பருப்பும் கருவாடும்தான் மிச்சம்.)

சேர், இப்ப செய்யவேண்டியது இதுதான். பிரவுசரை மூடுங்க. வின்டோஸ் பட்டனோட ஆர் அமத்துங்க, ஒரு சின்னப் பெட்டி வரும். அதுக்குள்ள முதல்ல ஒரு சதவீத அடையாளம், ஆங்கிலத்தில appdata எண்டு இடைவெளி இல்லாம, மறுகா இன்னொரு சதவீத அடையாளம். என்டர். மொசில்லா, பயர்பொக்ஸ், புரோபைல்ஸ் எண்டு ஒண்டுக்குள்ள ஒண்டாப் போங்க. எட்டு எழுத்து கண்டபடி இரிந்து, மறுகா ஒரு புள்ளி, அதுக்குப் பின்னால டிஃபோல்ட் எண்டு வாற போல்டர்கள் தெரியும். எத்தனை இரிக்கி? ஒவ்வொண்டுக்குள்ளயும் பிளேசஸ் எண்டு தொடங்கிற எஸ்கியூலைட் பைலுட அளவு எவ்வளவு? அந்தப் பைலுக்குள்ளதான் புக்மார்க்கும் வரலாறும் இரிக்கிறது.

களுதாவளை_மாஸ்டர் | 10.21

மூண்டு போல்டர். ஒண்டுக்குள்ள ஒண்டுமே இல்ல. ஒண்டில அந்தப் பைல் 5 எம்.பி. மற்றதில 70 எம்.பி.!!

வாவிக்கரை | 10.24

அந்த 70தான் உங்கட 13 வருசம்.

திறக்க முதல், அந்த முழுப் போல்டரையும் பென் றைவ்ல கொப்பி பண்ணுங்க. ஏனெண்டா, ஒரு புரோபைலைப் புதுப் பதிப்பில ஒருக்காத் திறந்திட்டா, பிறகு அதைப் பழைய பதிப்பில திறக்க விடாது. அதுவும் 67ஓட வந்த கட்டுப்பாடுதான்.

அதுக்குள்ள புக்மார்க்பெக்கப்ஸ் எண்டு இன்னொரு போல்டரும் இரிக்கோணும். பயர்பொக்ஸ் தன்னிச்சையா எடுத்து வைக்கிற பிரதிகள், கடைசி 15 இரிக்கும். ஒரு பைலுட பெயரை வாசிச்சிப் பாருங்க. முதல்ல புக்மார்க்ஸ் எண்ட சொல், திகதி, கீழ்க்கோடு, பிறகு ஒரு எண், அதுக்குப் பின்னால குழப்பமான எழுத்துகள். அந்த நடு எண்தான் புக்மார்க் கணக்கு.

களுதாவளை_மாஸ்டர் | 10.40

கடைசிப் பைலுட நடு எண் 1846.

தம்பிமாரே, என்ன சொல்றதெண்டு தெரியல்ல. பென் றைவ்ல கொப்பி ஓடுது. மிச்சம் வெள்ளாப்புல. கண் மங்குது.

கனடா_கல்லாறு | ஞாயிறு, அதிகாலை 3.15

இஞ்ச இப்ப பின்னேரம், முழுக்க வாசிச்சன். மாஸ்டர் சிங்க் (எல்லாத்தையும் இணையக் கணக்கிலயும் ஏத்தி வைக்கிற வசதி) போட்டு வெச்சிருந்தா இவ்வளவு பாடு இல்லையே? கணக்குக்குள்ள போனா எல்லாம் தானா இறங்கியிருக்கும். ஊரில இன்னும் பென் றைவோடதான் ஓடுப்படுறீங்க.

ஒலுவில்_பொடியன் | காலை 6.50

அண்ணே, சிங்க் எண்டது பிரதி இல்ல, கண்ணாடி. இஞ்ச அழிச்சா அங்கயும் அழியும்.

என்ட ராத்தாட கதை. குரோம்ல என்ட கணக்கை அவட லப்டொப்லயும் போட்டுக் குடுத்திரிந்தன். "கண்ட குப்பையெல்லாம் கிடக்கு" எண்டு அவ ஒரு நாள் பின்னேரம் துப்புரவு செஞ்சா. அவட லப்டொப்ல மட்டும் துப்புரவு எண்டு நினைச்சித்தான். நான் கெம்பஸ்ல இரிந்து பாக்கக்குள்ள, என்ட ஆய்வுக்கு எடுத்து வெச்ச 200 கட்டுரையும் கண்ணுக்கு முன்னால ஒண்டொண்டா மறையிது. வலையறுத்து மீன் போறாப்போல.

காத்தான்குடி_கீபோட் | 7.30

அதில தம்பி செய்ய இரிந்தது ஒண்டு, உடனே நெட்டைப் பிடுங்கிறது. குரோம்ல புக்மார்க்ஸ் எண்டு வால் இல்லாத ஒரு பைலும், அதே பேர்ல பேக் எண்ட வாலோட இன்னொண்டும் புரோபைல் போல்டர்க்குள்ள இரிக்கும். ரெண்டாவது, முந்தின நிலைமைட பிரதி. ஆனா குரோமை மூடித் திறந்து கை வெச்சிக்கொண்டிரிந்தா அதுவும் புதுசால எழுதப்பட்டுடும். எல்லாரும் செய்யிற பிழை இதுதான்: காணல்ல எண்டதும் பத்துத் தரம் மூடித் திறந்து பாக்கிறது. மூடினா மூடினபடி விட்டிட்டு, ரெண்டு பைலையும் வேற இடத்துக்குக் கொப்பி பண்ணி, அளவு பாத்து, பெரியதுட பேரை வால் இல்லாத புக்மார்க்ஸ் எண்டு மாத்தோணும்.

பயர்பொக்ஸ் சிங்க்ல இன்னொரு குழி இரிக்கி. பாஸ்வேர்ட் மறந்து ரீசெட் பண்ணினா, சேர்வர்ல இரிக்கிற உங்கட சாமான் அழிஞ்சிடும், மீட்புச் சாவி முன்னமே எடுத்து வெச்சிரிந்தாலொழிய. அந்தப் பூட்டே உங்கட பாஸ்வேர்ட்ல இரிந்து செஞ்சது, அவங்களாலயும் திறக்க ஏலாது. பழைய கணினி உடைஞ்சி, புதுசு வாங்கி, பாஸ்வேர்டும் மறந்து, ரீசெட் பண்ணித் திறக்கிற ஆளுக்கு வெறும் பெட்டிதான் கிடைக்கும்.

கனடா_கல்லாறு | 7.48

சரி, அந்தக் கடைசி விசயம் எனக்குத் தெரியாது. ஆனா வெள்ளம் வந்து கணினியும் பென் றைவும் சேர்ந்து நனைஞ்சா என்ன செய்வீங்க? எங்கட பழைய வீட்டு அலுமாரியில ஒரு மாரியோட எத்தனை அல்பம் போனது. வீட்டுக்கு வெளிய ஒரு பிரதி வேணும், அதை மட்டும் ஒத்துக்கொள்ளுங்க.

வாவிக்கரை | 8.05

ஒத்துக்கொண்டம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில, கல்லடியில இரிந்து எழுதுறவன் தண்ணியைப் பற்றி வாதாட மாட்டான்.

களுதாவளை_மாஸ்டர் | 9.10

வந்திட்டு!!!

வாவிக்கரைத் தம்பி தனிமடல்ல சொன்ன மாதிரி, அட்ரஸ் பட்டியில ஆங்கிலத்தில அபவுட், முக்காற்புள்ளி, புரோபைல்ஸ், இடைவெளி இல்லாம அடிச்சன். மூண்டு பெட்டி வந்திச்சி. ஒண்டில இதுதான் இப்ப பாவிக்கிற புரோபைல் எண்டு எழுதியிருந்தது. அதை விட்டிட்டு, 70 எம்.பி. போல்டர்ட பேர் உள்ள பெட்டிக்குக் கீழ இரிந்த லோஞ்ச் பட்டனை அமத்தினன். இன்னொரு ஜன்னல் திறந்திச்சி. மேல பட்டியில முதல் பேரே படுவான்கரை. பிறகு அதையே டிஃபோல்ட் ஆக்கிட்டன். சத்தியமாக் கண்ணில தண்ணி வந்திட்டு.

பக்கத்திலேயே ரிமூவ் எண்டும் ஒரு பட்டன் கிடக்கு. வயசாளிகள் கவனம்.

பெஞ்சாதி தேத்தண்ணி கொண்டு வந்தவ, "என்ன காலங்காத்தாலயே முகத்தில வெளிச்சம்" எண்டா. ஒண்டுமில்ல எண்டன்.

மண்முனை_77 | 9.25

சந்தோசம் மாஸ்டர். நேத்து எழுதினது கொஞ்சம் கூடிப் போயிட்டு, மனசில வெச்சிக்காதீங்க. ஆனா என்ட கேள்வி அப்படியேதான் நிக்கிது. 1846ல எத்தனை உசிரோட இரிக்கி?

களுதாவளை_மாஸ்டர் | 9.31

ஒரு நாள் அவகாசம் தாங்க. பாத்திட்டுச் சொல்றன்.

இன்னொண்டு. வாவிக்கரை சொன்னபடி எல்லாத்தையும் ஒரு எச்.டி.எம்.எல். பைலா வெளிய எடுத்தன். நோட்பேட்ல திறந்து பாத்தா முதல் வரியில நெற்ஸ்கேப் எண்டு எழுதியிரிக்கி. நான் அந்தப் பிரவுசரைப் பாவிச்சதே இல்லையே? ஒவ்வொரு இணைப்புக்குப் பக்கத்திலயும் ஒரு பத்திலக்க எண்ணும் கிடக்கு.

ஒலுவில்_பொடியன் | 9.50

சேர் அது பரம்பரைப் பேர். 90களில நெற்ஸ்கேப் போட்ட வடிவத்தைத்தான் குரோம், எட்ஜ், பயர்பொக்ஸ் எல்லாம் இண்டைக்கும் எழுதுது. ஆள் போய்ச் சேர்ந்து கனகாலம், வீட்டு இலக்கம் மாத்தல்ல. அதாலதான் அந்த ஒரு பைலை எந்தப் பிரவுசருக்குள்ளயும் ஏத்தலாம்.

பத்திலக்கம் நீங்க சேமிச்ச நேரம். 1970 ஜனவரி 1ல இரிந்து எத்தனை செக்கன் எண்ட கணக்கு. உங்கட ஆகப் பழைய எண் என்ன?

களுதாவளை_மாஸ்டர் | 9.58

13564 எண்டு தொடங்குது.

ஒலுவில்_பொடியன் | 10.03

2013 ஜனவரி 1 பிறக்கக்குள்ள அந்த எண் 1356998400, கிறீன்விச் நேரப்படி. அப்ப உங்கட முதல் புக்மார்க் 2012 டிசம்பர் கடைசிக் கிழமை. பள்ளிக்கூட லீவு சேர்.

களுதாவளை_மாஸ்டர் | 10.15

மகன் முதல் சம்பளத்தில கொம்பியூட்டர் வாங்கித் தந்த லீவு.

களுதாவளை_மாஸ்டர் | திங்கள், இரவு 9.45

மண்முனைத் தம்பிக்குக் கணக்கு. முழுக்கப் பாக்க ஏலல்ல, முதல் 300ஐ ஒவ்வொண்டாத் திறந்தன். 117 செத்துப் போயிட்டு.

எப்படிச் செத்தது எண்டதையும் எழுதுறன். வினாத்தாள் இணைப்புகளில கனக்க, தளத்தை மாத்திக் கட்டினதால முகவரி மாறி இல்லாமப் போனது. கூகிள் பிளஸ் எண்ட சமூகத் தளத்தில இரிந்தது எல்லாம் 2019 ஏப்ரலோட போயிட்டு. புவித்தட்டு நகர்வைக் காட்டுற அசைபடங்கள், நான் வகுப்பில புரொஜெக்டர்ல போட்டுக் காட்டினது, பக்கம் திறக்குது, நடுவில சாம்பல் பெட்டி மட்டும். அதை ஓட்டின பிளாஷ் மென்பொருள் 2020 முடிய நிண்டு போனதாம். எனக்கு ஆகக் கவலை அதுதான். கண்டங்கள் நகருறதைப் பாத்து "சேர் இன்னொருக்கா" எண்டு கேட்ட பிள்ளைகளுக்கு இப்ப பிள்ளைகள் இரிக்கி.

கூத்துப் போல்டர்ல வேற கதை. மூண்டு வலைப்பூ திறக்குது, ஆனா எழுத்தெல்லாம் ஆங்கிலக் குறியாக் கொட்டிக் கிடக்கு. பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில எழுதினது. நூலகம் எண்ட ஈழத்து மின்னூல் தளத்தில இரிந்து எடுத்தது மட்டும் கிட்டத்தட்ட எல்லாம் திறந்தது.

அப்ப நான் சனிக்கிழமை எதுக்கு அழுதன் எண்டு யோசிக்கிறன். இந்த 117ம் எப்பவோ போயிட்டு, எனக்குத்தான் தெரியாது.

மண்முனை_77 | 10.02

மாஸ்டர், நான் வெல்லுறதுக்காகக் கேக்கல்ல. ஆனா பாமினி வலைப்பூவைத் தேடினா வராது எண்டது உண்மை. தமிழில தேடுறவனுக்கு அது தமிழே இல்ல, வெறும் ஆங்கிலக் குறி. அந்த மூண்டையும் உங்கட புக்மார்க் இல்லாட்டி ஆரும் கண்டுபிடிக்க ஏலாது. என்ட "தேடினா வரும்"ஐத் திருப்பி எடுக்கிறன், பாமினிக்கு மட்டும்.

காத்தான்குடி_கீபோட் | 10.20

பாமினியை, இப்ப எல்லாக் கணினியும் வாசிக்கிற யூனிக்கோட் ஆக்கிற மாற்றிகள் இணையத்திலேயே இரிக்கி, கொப்பி பண்ணி ஒட்டினாச் சரி. ஆனா முதல்ல அந்தப் பக்கங்களைச் சேமிங்க மாஸ்டர்: கன்ட்ரோலும் எஸ்ஸும். புக்மார்க் எண்டது வீட்டுக்குப் போற வழிதானே, வீடு இல்லையே.

செத்த இணைப்புகளை பழைய இணையப் பக்கங்கள்ட பிரதி வெச்சிரிக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவ்ட வேபேக் மெசின்ல போட்டுப் பாருங்க. 2001ல இரிந்து எல்லாருக்கும் திறந்து கிடக்கு. எல்லாம் வராது, ஆனா சிலது வரும். பிளாஷ் பைல் கைக்குக் கிடைச்சா ரபிள் எண்டு ஒரு நீட்சி இரிக்கி, அதில சிலது ஓடும். புவித்தட்டு நகருமோ தெரியாது, ஒருக்கா முயற்சி செய்யிறதில நட்டமில்ல.

அக்கரைப்பற்று_அக்கா | 10.31

சேர், சமையல் போல்டர் என்ன மாதிரி?

களுதாவளை_மாஸ்டர் | 10.40

43ல 40 திறக்குது. இந்த வீட்டில ஆகச் சுகமா இரிக்கிறது அதுதான். செத்த மூண்டில ஒண்டு ஏதோ ஒரு சொதி. இண்டைக்குப் பின்னேரம் எல்லாத்தையும் சொல்லிட்டன். "அந்தச் சொதி எனக்குப் பாடம்தானே, நீங்க அதைத் தேடிப் போய் வேற எதையும் அமத்திடாதீங்க" எண்டா.

களுதாவளை_மாஸ்டர் | புதன், இரவு 8.30

ஒரு தகவல். செத்த 117ல 38ஐ வேபேக்ல எடுத்திட்டன். புவித்தட்டு அசைபடத்தில ரெண்டு கிடைச்சது, ரபிள்ல ஒண்டு ஓடுது. ஆபிரிக்காவும் தென்னமெரிக்காவும் பிரியிது. பேத்திக்குக் காட்டினன். "தாத்தா, இன்னொருக்கா" எண்டாள்.

நிந்தவூர்_நெட் | புதன், இரவு 11.50

எனக்கும் இதே பிரச்சின, எல்லாம் காணாமப் போயிட்டு. கடையில குடுத்தன், போர்மட் அடிச்சித் தந்திட்டாங்க. இப்ப என்ன செய்ய?

வாவிக்கரை | வியாழன், காலை 6.10

தம்பி, உங்கட லப்டொப்பை இப்பவே ஓஃப் பண்ணுங்க, சார்ஜர்லயும் போட வேணாம். உள்ளுக்கு இரிக்கிறது பழைய ஹாட் டிஸ்க்கா எஸ்.எஸ்.டி.யா எண்டு போன்ல இரிந்து எழுதுங்க. ஹாட் டிஸ்க் எண்டா மேல எழுதப்படாத வரைக்கும் கொஞ்சம் நம்பிக்கை இரிக்கி. எஸ்.எஸ்.டி. எண்டா அந்த நம்பிக்கை குறைவு, கணக்கு ஏதாவதில சிங்க் போட்டிரிந்தீங்களா எண்டதைத்தான் முதல்ல யோசிக்கோணும். புது இழை ஒண்டு திறங்க, கீபோட் காக்கா எட்டு மணிக்கு வருவார்.